மூல ஓலை எங்கே?

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணத்தை அறியாத சைவர் இலர். புத்தூரில் சடங்கவி சிவாசாரியாரின் திருமகளை மணக்க நம்பியாரூரர் மணப்பந்தலில் அமர்ந்திருக்கிறார். முதிய அந்தணர் ஒருவர் தள்ளாடி வந்து, "இவன் என் அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் உள்ளது" என்று வழக்குரைக்கிறார். சினங்கொண்ட ஆரூரர் ஓலையைப் பறித்துக் கிழித்து விடுகிறார். முதியவரோ கலங்கவில்லை. கிழிபட்டது படி ஓலைதான். மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறது என்கிறார். அவ்வூர் அவையில் மூல ஓலை காட்டப்படுகிறது. அவையினர் அதனை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. பாட்டனார் எழுதிய வேறோர் ஏட்டைக் காப்பிலிருந்து வரவழைத்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பு நோக்குகின்றனர். இரண்டும் ஒத்திருக்கக் கண்ட பின்னரே தீர்ப்பு வழங்குகின்றனர்.

இறைவன் ஓர் அடியவரை ஆட்கொண்ட இவ்வரலாற்றின் பக்திச் சுவை ஒருபுறம் இருக்க, இல்லறத்தார்க்கு அதில் மூன்று பாடங்கள் அமைந்துள்ளன. படி வேறு, மூலம் வேறு என்பது ஒன்று. மூலம் எங்கே இருக்கிறது என்று உரியவர் அறிந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஒப்பு நோக்குவதற்குப் பொதுவான ஒரு காப்பு இருந்தால்தான் உண்மை நிலைபெறும் என்பது மூன்றாவது. வீட்டுக் கடனை அடைத்து முடித்த பின் நிலப்பட்டாவை மீட்பது எப்படி என்பதை இம்மூன்றின் துணைகொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

கடன் தீர்ந்தது, பதிவு தீரவில்லை

இந்நாட்டுத் தமிழர்களில் பெரும்பகுதியினரின் முன்னோர் தோட்ட லயங்களில் வாழ்ந்தவர்கள். அந்த வீடு தோட்டத்திற்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீட்டையும் விட்டு வெளியேற வேண்டும். அத்தகைய வாழ்விலிருந்து மீண்டு, தாமன் வீடோ மலிவு விலை அடுக்குமாடி வீடோ சொந்தமாக வாங்கிய தலைமுறையின் சாதனை சிறிதன்று. 20 ஆண்டு, 25 ஆண்டு, 30 ஆண்டு என்று மாதந்தோறும் தவணை கட்டினர். அரசு ஊழியர்கள் நிதியமைச்சின் வீட்டுக் கடனைப் பெற்றனர். அப்பணியை 2016 ஜனவரி முதல் தேதி தொட்டுப் பொதுத்துறை வீடமைப்பு நிதி வாரியம் நடத்தி வருகிறது. மற்றவர்கள் வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் நாடினர். ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கடனைக் குறைத்தவர்களும் பலர்.

கடைசித் தவணை கட்டிய நாளில் கோயிலுக்கு வந்து அர்ச்சனை செய்கின்றனர்; வீட்டில் பாயசம் வைக்கின்றனர். கடன் முடிந்தது என்று வங்கி அனுப்பிய கடிதத்தை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுகின்றனர். பலரும் அத்துடன் நின்று விடுகின்றனர். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வங்கிக் கணக்கில் கடன் தீர்வது வேறு. நில அலுவலகப் பதிவேட்டில் அடமானம் நீங்குவது வேறு. முதலாவது பணத்தால் நடப்பது. இரண்டாவது பத்திரத்தால் நடப்பது. பணம் கட்டி முடிந்து 15 ஆண்டுகள் கழிந்தாலும், உரிய பத்திரம் பதிவாகும் வரையில் அந்த வீடு அடமானத்தில் இருப்பதாகவே அரசாங்க ஏடு சொல்லிக்கொண்டிருக்கும்.

இதனால் விளைவது என்ன? ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தந்தை கடனை அடைத்தார். சில ஆண்டுகளில் காலமானார். வங்கிக் கடிதம் எங்கே என்று தாயாருக்குத் தெரியாது. மகளின் மேற்படிப்புக்காக வீட்டை விற்க நினைக்கின்றனர். வாங்க வந்தவரின் வழக்கறிஞர் நில அலுவலகத்தில் தேடிப் பார்க்கிறார். வீட்டின்மேல் அடமானம் இருக்கிறது. அடமானம் பெற்ற வங்கி அந்தப் பெயரில் இன்று எங்குமே இல்லை. இறந்தவர் பெயரிலிருந்து சொத்தும் மாற்றப்படவில்லை. வாங்க வந்தவர் சில மாதங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு வீடு தேடிப் போகிறார். இக்குடும்பத்தினர் யாருக்கும் ஒரு சென் கூடக் கடன்பட்டவர்களல்லர். ஆயினும் சொந்த வீடு சமயத்திற்கு உதவவில்லை.

இரண்டு ஏடுகள்

தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் என்பார் 1858-இல் ஏற்படுத்திய நிலப்பதிவு முறையே மலாய் மாநிலங்களில் வேரூன்றியது. 1966 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் தீபகற்பம் முழுவதற்கும் அதனையே பொதுவாக்கியது. பினாங்கிலும் மலாக்காவிலும் அதற்கு முன்னர் ஆங்கிலேயர் வழக்கப்படி, கைமாறிய பத்திரங்களின் வரிசையே உரிமைக்குச் சான்றாக விளங்கியது. அக்காலத்துப் பழம் பத்திரக் கட்டுகளை இன்றும் சில குடும்பங்கள் பாதுகாத்து வருகின்றன. சபாவும் சரவாக்கும் தத்தமக்கெனத் தனி நிலச் சட்டங்கள் உடையன.

இம்முறையில் ஒவ்வொரு நிலத்திற்கும் இரண்டு ஏடுகள் உண்டு. ஒன்று நில அலுவலகத்திலேயே இருக்கும் பதிவேட்டுப் பட்டா. மற்றொன்று உரிமையாளர் கைக்கு வழங்கப்படும் பட்டா. மக்கள் 'கெரான்' என்று சொல்வது இதனைத்தான். வெண்ணெய்நல்லூர் அவையினர் காப்பிலிருந்து ஏட்டை வரவழைத்து ஒப்பிட்டது போல, இங்கும் கையிலுள்ள பட்டாவைப் பதிவேட்டோடு ஒப்பு நோக்கியே எதுவும் நடைபெறும்.

வீட்டை அடமானம் வைக்கும்போது உரிமை வங்கிக்கு மாறுவதில்லை. வீடு வாங்கியவர் பெயரிலேயே நீடிக்கும். 16ஏ படிவத்தின் வழி அடமானம் ஒரு சுமையாக இரண்டு ஏடுகளிலும் பொறிக்கப்படும். உரிமையாளரின் பட்டாவை வங்கி தன் காப்பறையில் வைத்துக்கொள்ளும். கடன் தீர்ந்ததும் வங்கி 16என் படிவத்தில் கையொப்பமிட்டு அடமானத்தை விடுவிக்க வேண்டும். அப்படிவம் நில அலுவலகத்தில் பதிவானால்தான் சுமை நீங்கும்.

தேட வேண்டிய இடங்கள்

பட்டா எங்கே என்று தேடப் புகுவோர் முதலில் வங்கிக்கு ஓடுவதே வழக்கம். அதற்கு முன்னர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. மக்கள் 'பெஜாபாட் தானா' என்று வழங்கும் நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் செய்து பார்த்தல் வேண்டும். சிறு கட்டணம் செலுத்தினால், உரிமையாளர் யார், அடமானம் உண்டா, யார் பெயரில், எந்தப் பதிவு எண்ணில், தடை மனு ஏதேனும் உண்டா என்னும் அனைத்தும் அச்சிட்டுக் கிடைக்கும். பல மாநிலங்களில் இதனை இணையம் வழியாகவும் செய்யலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. புதிய தாமன்களில் நில அளவை முடிவதற்கு முன் தற்காலிகப் பட்டாவே வழங்கப்படும். அதன் எண் எச்.எஸ். என்ற எழுத்துகளோடு தொடங்கும். மனை எண் பி.டி. என்று குறிக்கப்படும். அளவை முடிந்து நிரந்தரப் பட்டா வரும்போது இரண்டு எண்களும் மாறிவிடும். கணினிப் பதிவு முறைக்கு மாறியபோதும் பழைய பட்டாக்கள் புதிய வடிவம் பெற்றன. பழைய எண்ணை வைத்துக்கொண்டு தேடுபவர், தம் நிலமே காணாமற் போயிற்றோ என்று அஞ்ச நேரிடும். அஞ்ச வேண்டியதில்லை. பழைய எண்ணைக் காட்டிப் புதிய எண்ணை நில அலுவலகத்திலேயே கேட்டறியலாம். ஆண்டுதோறும் வரும் நிலவரி ரசீதிலும் புதிய எண் காணப்படலாம்.

தேடலின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், பட்டா இருக்கக்கூடிய இடங்கள் நான்கே என்பது விளங்கும்.

முதலாவது வங்கி. கடன் பெற்ற கிளையிலேயே பட்டா இருக்கும் என்று கருதலாகாது. பத்திரங்கள் பெரும்பாலும் தலைமையகத்தின் காப்பு மையத்தில் இருக்கும். ஆதலின் வாய்மொழியாகக் கேட்காமல், கடன் கணக்கு எண், பட்டா எண், அடமானப் பதிவு எண், அடையாள அட்டை எண் ஆகியவற்றைக் குறித்துக் கடிதம் எழுதி, ஒரு படியில் பெற்றுக்கொண்டமைக்கு முத்திரை வாங்குதல் நலம்.

இரண்டாவது வழக்கறிஞர் அலுவலகம். 16என் படிவத்தைத் தயாரிக்க வங்கி பட்டாவை வழக்கறிஞரிடம் ஒப்படைத்திருக்கலாம். கட்டணம் செலுத்தப்படாமலோ, கட்சிக்காரர் திரும்ப வராமலோ கோப்பு அங்கேயே தூங்கிக்கொண்டிருக்கக் கூடும். அந்த அலுவலகம் மூடப்பட்டிருந்தால் கோப்புகளை யார் ஏற்றனர் என்று வழக்கறிஞர் மன்றத்திடம் விசாரிக்கலாம்.

மூன்றாவது நில அலுவலகம். விடுவிப்பு பதிவாகியும் பட்டாவைப் பெற்றுக்கொள்ள ஒருவரும் வராமல் இருந்திருக்கலாம். தற்காலிகப் பட்டாவுக்குப் பதிலாக வந்த நிரந்தரப் பட்டாவும் அவ்வாறே காத்திருக்கக் கூடும்.

நான்காவது வீடமைப்பு நிறுவனம். தனிப்பட்டா பிரிக்கப்படாத வீடுகளுக்கு, குறிப்பாக அடுக்குமாடி வீடுகளுக்கு, இது பொருந்தும். அதனைப் பின்னர்க் காண்போம்.

பெயர் மாறிய வங்கிகள்

1997-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின், உள்நாட்டு வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் 10 குழுமங்களாக ஒருங்கிணைக்கும் திட்டத்தை பேங்க் நெகாரா மேற்கொண்டது. மக்கள் பல்லாண்டு அறிந்த பெயர்ப்பலகைகள் மறைந்தன. 1999-இல் பேங்க் பூமிபுத்ராவும் பேங்க் ஆஃப் காமர்ஸும் ஒன்றாயின. 2000-இல் பினாங்கில் பேர்பெற்ற பான் ஹின் லீ வங்கி சதர்ன் வங்கியோடு சேர்ந்தது. 2001-இல் பசிபிக் வங்கி மேபேங்க்கிலும், ஹோக் ஹுவா வங்கி பப்ளிக் வங்கியிலும் கலந்தன. 2006-இல் சதர்ன் வங்கி இன்றைய சி.ஐ.எம்.பி. குழுமத்தில் சேர்ந்தது. ஆகவே 1990-களில் பான் ஹின் லீ வங்கியில் கடன் வாங்கி அடைத்தவர், இன்று சி.ஐ.எம்.பி.யின் கதவைத்தான் தட்ட வேண்டும்.

வங்கிகள் இணையும்போது, பழைய வங்கியின் உரிமைகளும் பொறுப்புகளும் உயர் நீதிமன்ற ஆணையின் வழி புதிய வங்கியைச் சேர்கின்றன. ஆதலின் கையொப்பமிடும் பொறுப்பு இணைப்பால் அழிவதில்லை. எனினும் நில அலுவலக ஏட்டில் பழைய பெயரே இருக்கலாம். அந்த ஆணையின் விவரத்தையும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். இது வங்கியும் வழக்கறிஞரும் செய்து தர வேண்டிய வேலை. பழைய கடன் என்பதற்காகக் கைவிரிக்க இடந்தரலாகாது.

நகரத்தார் கிட்டங்கிகளில் பட்டாவை ஒப்படைத்துக் கடன் பெற்ற காலமும் ஒன்றிருந்தது. அங்கே அடமானப் பதிவு செய்யாமல், பட்டாவை வைத்திருப்பவர் தம் உரிமையைக் காக்கத் தடை மனு மட்டும் பதிவது வழக்கம். பணம் தீர்ந்து பட்டா வீடு வந்து சேர்ந்திருக்கும். தடை மனுவோ பதிவேட்டில் இன்னமும் இருக்கலாம். கெரான் கையில் இருக்கிறதென்று நிம்மதியாக இருப்பவர்களும் ஒருமுறை தேடிப் பார்ப்பது அறிவுடைமை என்பது இதனாற் பெறப்படும்.

விடுவிப்பைப் பதிதல்

வங்கியிடமிருந்து வீட்டுக்காரர் பெற வேண்டியவை மூன்று: பட்டா, 16ஏ அடமானப் பத்திரத்தின் படி, கையொப்பமிட்ட 16என் படிவம். 16என் படிவத்தில் கையொப்பமிடுபவர் வங்கியின் அதிகாரப் பத்திரம் பெற்றவராக இருத்தல் வேண்டும். படிவத்தைக் கையொப்பமான நாளிலிருந்து 30 நாளுக்குள் முத்திரைத் தீர்வைக்கு உட்படுத்த வேண்டும். தவறினால் அபராதம் உண்டு. பின்னர் மூன்றையும் நில அலுவலகத்தில் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞரை அமர்த்தினால் அவரே இவற்றைக் கவனித்துக்கொள்வார்.

சிலர் கையொப்பமிட்ட படிவத்தை வாங்கி வந்து, செலவை எண்ணியோ வேலைப் பளுவாலோ அப்படியே பெட்டியில் வைத்து விடுகின்றனர். பட்டாவும் கையில், விடுவிப்பும் கையில், இனி என்ன என்பது அவர்கள் எண்ணம். பதிவு செய்யப்படாத விடுவிப்பு, அஞ்சலில் சேர்க்கப்படாத கடிதத்தைப் போன்றது. ஆண்டுகள் ஓடி அது கெட்டுப் போனாலோ கரையான் அரித்தாலோ மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பதிவான பின் இன்னுமொரு தேடல் செய்து, அடமானம் நீங்கியதைக் கண்ணால் கண்டு, அந்தத் தாளைப் பட்டாவோடு சேர்த்து வைப்பதே வேலையை முழுமையாக்கும்.

அடுக்குமாடி வீடுகள்

அடுக்குமாடி வீடுகளுக்கு 1985-ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா பட்டாச் சட்டப்படி தனித்தனிப் பட்டா வழங்கப்படும். ஆயினும் வீட்டில் குடியேறிப் பல ஆண்டுகள் சென்றும் பட்டா வராத கட்டடங்கள் உண்டு. பட்டா இல்லாத வீட்டை அடமானமாகப் பதிவு செய்ய இயலாது. ஆகவே விற்பனை ஒப்பந்தத்தின் உரிமைகளை வீட்டுக்காரர் வங்கிக்கு எழுதிக் கொடுத்துக் கடன் பெறுகிறார். கடன் தீர்ந்ததும் அவ்வுரிமைகளை வங்கி மறு ஒப்படைப்புப் பத்திரத்தின் வழி திருப்பித் தர வேண்டும். மூல விற்பனை ஒப்பந்தத்தையும் உடன் கேட்டுப் பெறுதல் வேண்டும். பட்டா வரும் நாள் வரையில் அவ்வீட்டுக்குரிய மூல ஓலை அந்த ஒப்பந்தமே. அதன் நிழற்படி போதாது.

பட்டா வெளியானதும் அது முதலில் வீடமைப்பு நிறுவனத்தின் பெயரில், அல்லது நில உரிமையாளர் பெயரில் இருக்கும். வாங்கியவர் பெயருக்கு மாற்றிக்கொள்ள அறிவிப்பு வரும். செலவுக்கு அஞ்சி அதனைத் தள்ளிப்போடுவோர், நிறுவனம் நொடித்துப் போனால் படும் பாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். அப்போது கலைப்பு அதிகாரியைத் தேடிச் செல்ல வேண்டிவரும்.

தொலைந்து போனால்

எங்கு தேடியும் பட்டா கிடைக்காவிடில் உரிமை அழிந்து போவதில்லை. பதிவேட்டுப் பட்டா நில அலுவலகத்தில் இருக்கிறதன்றோ! போலீஸ் புகாரும் சத்தியப் பிரமாண வாக்குமூலமும் இணைத்து மாற்றுப் பட்டாவுக்கு விண்ணப்பிக்கலாம். நில அலுவலகம் அரசாங்க இதழில் அறிவிப்பு வெளியிட்டு, மறுப்புக்குக் கால அவகாசம் அளித்த பிறகே புதிய பட்டாவை வழங்கும். வங்கியின் பொறுப்பில் இருந்தபோது தொலைந்ததாயின், அதனை எழுத்தில் ஒப்புக்கொள்ளுமாறும், மாற்றுப் பட்டாவுக்குரிய செலவை ஏற்குமாறும் வங்கியிடம் கேட்பதே முறை.

இந்த வழியைத் தீயவர்களும் பயன்படுத்தியதுண்டு. பினாங்கு தஞ்சோங் பூங்காவிலுள்ள நிலம் குறித்த அடோர்னா வழக்கு நாடறிந்தது. ஆள்மாறாட்டம் செய்த ஒருவர், பட்டா தொலைந்ததென்று பொய்ச் சத்தியம் செய்து வேறு படி பெற்று நிலத்தை விற்றார். உண்மையான உரிமையாளரிடம் அசல் பட்டா இருந்தும், 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் வாங்கியவர் பக்கமே தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு தவறானதென்று அதே நீதிமன்றம் 2010 ஜனவரியில் வேறொரு வழக்கில் அறிவிக்கும் வரை, நிலமுடையோர் நெஞ்சில் அச்சம் குடிகொண்டிருந்தது. சொத்தின் பதிவை அவ்வப்போது பார்த்து வருவதும், நில அலுவலகத்தில் தற்போதைய முகவரியைத் தெரிவித்து வைப்பதும் வீண் வேலையல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

குடும்பத் தலைவர் மறைந்தால்

வீட்டுக் கடனோடு எம்.ஆர்.டி.ஏ. எனப்படும் காப்புறுதியும் எடுக்கப்பட்டிருப்பது பலருடைய மனைவி மக்களுக்குத் தெரியாது. கடன் வாங்கியவர் இடையில் காலமானால் நிலுவையை அக்காப்புறுதி அடைக்கும். இதை அறியாமல் விதவைத் தாய்மார் தொடர்ந்து தவணை கட்டவோ, வீட்டை இழக்கவோ நேரலாம். துக்க வீட்டில் முதலில் விசாரிக்க வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று.

16என் படிவத்தில் கையொப்பமிடுவது வங்கியே ஆதலின், உரிமையாளர் மறைந்த பின்னரும் விடுவிப்புக்கு வழியுண்டு. ஆனால் வாரிசுகள் பெயருக்கு வீட்டை மாற்ற, உயில் இருந்தால் அதனை மெய்ப்பிக்கும் ஆணையும், இல்லையேல் சொத்து நிர்வாக ஆணையும் வேண்டும். 1955-ஆம் ஆண்டின் சிறிய சொத்துகள் பங்கீட்டுச் சட்டத்தின் வரம்புக்கு உட்பட்டவர்கள் நில அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். காலம் தாழ்த்தினால் வாரிசுகளும் ஒவ்வொருவராக மறைந்து, பேரன் பேத்திகளின் கையொப்பம் தேடி அலைய நேரும். அண்ணன் தம்பியரிடையே மனக்கசப்பு மூளும். வீடு கட்டிக் காத்த தந்தை விரும்பியது அதுவன்று.

ஆலயமும் விதிவிலக்கன்று

இல்லத்துக்குச் சொன்னது இறைவன் இல்லத்துக்கும் பொருந்தும். தோட்ட நிலத்தில் எழுந்த கோயில்கள் பட்டா இன்மையால், தோட்டம் கைமாறியபோது இடம்பெயர நேர்ந்த துயரத்தை இந்நாட்டு இந்துக்கள் மறக்க மாட்டார்கள். பட்டா உள்ள ஆலயங்களிலும் அது எவர் பெயரில் உள்ளது, அறங்காவலர்களில் உயிரோடிருப்பவர் யார், மண்டபம் கட்ட வாங்கிய கடனின் அடமானம் நீங்கியதா என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் விடை வைத்திருத்தல் வேண்டும். பொறுப்பு மாறும்போது சாவிக்கொத்தோடும் நகைப் பட்டியலோடும் பத்திரப் பட்டியலும் கைமாறுமாயின், வருங்காலத்து வழக்குகள் பல தவிர்க்கப்படும்.

அன்பர்கள் செய்ய வேண்டுவது

தேவர்க்கும் முனிவர்க்கும் முன்னோர்க்கும் மாந்தர் கடன்பட்டவர்கள் என்பது சமய மரபு. முன்னோர்க்குரிய கடனைத் திதியாலும் தர்ப்பணத்தாலும் மட்டுமன்றி, அவர்கள் வியர்வை சிந்திச் சேர்த்ததை வீணாக்காமல் பிள்ளைகளிடம் சேர்ப்பதாலும் தீர்க்கலாம்.

சரசுவதி பூசையன்று நூல்களையும் கணக்கேடுகளையும் அடுக்கி வழிபடுவது வழக்கம். அந்நாளில் ஒரு தாளை எடுத்து, வீட்டின் பட்டா எண், கடன் கொடுத்த வங்கி, கடன் முடிந்த தேதி, விடுவிப்புப் பதிவு எண், பட்டா வைக்கப்பட்டுள்ள இடம், காப்புறுதி விவரம் ஆகியவற்றை எழுதி, மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் காட்டி அங்கே வைக்கலாம். எழுத முடியாமல் வெற்றிடமாக நிற்கும் வரி எதுவோ, அதுவே விசயதசமிக்குப் பின் முதல் வேலை நாளில் தொடங்க வேண்டிய பணியாகும்.